யு.எஸ்.64: விலையை எழுதியது யார்?

ஆடிட் நாட்களைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, நண்பர் ஒருவர் போன் செய்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். மின்வாரியத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பொத்தாம் பொதுவாக எதையும் சொல்லித் தப்பிக்க முடியாது.

"மியூச்சுவல் ஃபண்டுக்கு ஆடிட்டர் என்னத்தைங்காணும் பார்ப்பார்? வாங்கின பங்கு, வித்த பங்கு, கையில இருக்கிற பங்கு, பாங்கில இருக்கிற காசு. கூட்டிக் கழிச்சா அரை நாள் வேலை. திருட்டும் இல்லை, கணக்கும் டாலி ஆச்சு. அப்புறம் எப்படி ஓய் யு.எஸ்.64 மட்டும் கவிழ்ந்தது?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அது 1957-ல் போய் நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்.ஐ.சி. பிறந்தது 1956 செப்டம்பர் 1. ஊர் மக்களின் பிரீமியப் பணம் முழுவதும் ஒரே அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்தப் பணத்தை எதில் போடலாம் என்று ஆலோசனை சொல்ல முதலீட்டுக் கமிட்டி ஒன்றும் இருந்தது. பங்குச் சந்தையின் உள்ளும் புறமும் அறிந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஜூன் கடைசி வாரத்தில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தாத் தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கியது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்ஸன் க்ரூடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முந்த்ரா அப்போது கழுத்தளவு கடனில் இருந்தவர். பங்கை விற்றால்தான் அவர் மூச்சு விட முடியும்.

முதலீட்டுக் கமிட்டியை யாரும் கேட்கவில்லை. வாங்கி முடித்த பிறகுதான் விஷயம் கமிட்டிக்குப் போனது.

அந்த டிசம்பரில் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி, மாமனாரின் அரசாங்கத்தையே லோக்சபாவில் நிறுத்திக் கேள்வி கேட்டார். விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருவரே கமிஷன். விசாரணையைப் பகிரங்கமாக நடத்தினார். உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டத்துக்காக ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. சுமார் ஒரு மாதத்தில் அறிக்கையே வந்துவிட்டது. இன்றைய கமிஷன்களை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது. நிதிச் செயலாளர் எச்.எம். படேல், தான் அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்ததாகச் சொன்னார். அமைச்சர், தான் அப்படி ஒப்புதல் தரவில்லை என்றார். செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் ராஜினாமா செய்தார். அவர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

ஆடிட்டர் கண்ணோடு இந்தக் கதையைப் பாருங்கள். எல்.ஐ.சி. கணக்குப் புத்தகத்தில் என்ன தவறு? ஒன்றுமே இல்லை. பங்கு வாங்கியது உண்மை, பணம் கொடுத்தது உண்மை, சர்டிபிகேட் வந்தது உண்மை. வவுச்சருக்கு வவுச்சர் டிக் அடித்துக்கொண்டு போகிறவன் இதைக் கண்டே பிடித்திருக்க மாட்டான். பழுது, கணக்கு எழுதுவதற்கு முந்தைய படியில் இருந்தது. கேட்க வேண்டிய கமிட்டியைக் கேட்காமல் ஒருவர் முடிவெடுக்க முடிந்தது.

டி.டி.கே. திரும்பி வந்தார். 1963-ல் காமராஜ் திட்டத்தின்படி மொரார்ஜி தேசாய் பதவி விலக, டி.டி.கே. மறுபடி நிதியமைச்சர். அந்த ஆண்டே யூனிட் டிரஸ்ட் சட்டம் வந்தது. 1964 பிப்ரவரியில் யூ.டி.ஐ. தொடங்கியது. ஆரம்ப மூலதனம் 5 கோடி. பாதி ரிசர்வ் வங்கி, மீதி எல்.ஐ.சி., ஸ்டேட் வங்கி மற்றும் பிற நிறுவனங்கள். ஜூலை 1-ஆம் தேதி முதல் திட்டம் விற்பனைக்கு வந்தது. 1964 யூனிட் திட்டம், சுருக்கமாக யு.எஸ்.64. யூனிட் ஒன்று 10 ரூபாய். பங்குச் சந்தை என்றால் சூதாட்டம் என்று ஒதுங்கி நின்ற சம்பளக்காரனையும் பென்ஷன்காரனையும் தொழில் வளர்ச்சிக்குள் கொண்டுவருவது நோக்கம். நல்ல நோக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் வருட டிவிடெண்ட் 6.1 சதவீதம். பிறகு ஏறியது, பெரும்பாலும் ஏறிக்கொண்டே இருந்தது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் 26 சதவீதம் வரை போனது. அந்த நாட்களில் கிராஜுவிட்டி வந்தால் பாதி யூனிட்டில், பாதி தபால் ஆபீஸில் என்பது எழுதாத சட்டம். ஜூலை மாதம் விலை குறைவு என்பதால் ஜூலையில் வாங்குவதற்கு ஜூனிலேயே விண்ணப்பம் நிரப்பி வைத்திருப்பார்கள். பெண் கல்யாணத்துக்கு, பையன் படிப்புக்கு, வயதான அம்மா பேருக்கு. கிட்டத்தட்ட 2 கோடி கணக்குகள் சேர்ந்தன.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். யூனிட்டின் விலை எப்படி நிர்ணயம் ஆனது?

இன்றைய ஃபண்டில் இது எளிய வகுத்தல் கணக்கு. கையில் இருக்கும் எல்லாப் பங்குக்கும் பத்திரத்துக்கும் அன்றைய சந்தை விலையைப் போடு. பாங்கில் இருப்பதைக் கூட்டு. கொடுக்க வேண்டியதைக் கழி. யூனிட் எண்ணிக்கையால் வகு. அதுதான் என்.ஏ.வி. விலை சந்தையோடு ஏறும், சந்தையோடு இறங்கும்.

யு.எஸ்.64-ல் அப்படி இல்லை. ஜூன் 30-ல் கணக்கு முடித்து, ஜூலையில் ஒரு விலை அறிவிப்பார்கள். அதன் பிறகு மாதாமாதம் கொஞ்சம் காசு கூட்டிக்கொண்டே போவார்கள். சந்தை விழுந்தாலும் யூனிட் விலை ஏறும். நம் மக்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் பார்ப்பதற்கு அது பாங்க் டெபாசிட் மாதிரியே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் என்.ஏ.வி.யை வெளியிடவில்லை. செபி வந்து மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு விதிகள் எழுதிய பிறகும், தனிச் சட்டத்தின் கீழ் பிறந்த யு.எஸ்.64 அந்த விதிகளுக்கு வெளியே நின்றது.

ஆரம்ப காலத்தில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. உள்ளே இருந்ததில் பெரும்பகுதி வட்டி தரும் பத்திரங்கள். விலை ரொம்ப ஆடாது. உள்மதிப்பு வெளிவிலையைவிட அதிகமாகவே இருந்திருக்கும். தொண்ணூறுகளில் பங்குகளின் பங்கு மளமளவென்று ஏறி, பாதிக்கும் மேல் போய்விட்டது. அதில் பொதுத்துறைப் பங்குகள் ஏராளம். வெளியே டெபாசிட் போன்ற முகம். உள்ளே பங்குச் சந்தை.

இதன் விளைவைச் சின்னக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர், ஆளுக்கு ஒரு யூனிட். பெட்டியில் உள்ள சொத்தின் உண்மை மதிப்பு 90 ரூபாய். ஆக ஒரு யூனிட் 9 ரூபாய். ஆனால் அறிவித்த விலை 14. விஷயம் தெரிந்த மூன்று பேர் யூனிட்டைத் திருப்பிக் கொடுத்து 42 ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பெட்டியில் மிச்சம் 48. மீதி ஏழு பேருக்கு ஆளுக்கு 6 ரூபாய் 86 காசு. பெட்டியிலிருந்து யாரும் ஒரு பைசா திருடவில்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. ஆனாலும் ஒன்பது ரூபாய் வைத்திருந்தவனிடம் ஏழு ரூபாய்கூட இல்லை. தெரிந்தவன் எடுத்தது தெரியாதவன் பணம்.

நிஜத்திலும் இதுதான் நடந்தது. முதல் அதிர்ச்சி 1998-ல். அந்த ஜூன் 30 கணக்கில் யு.எஸ்.64-ன் கையிருப்பு நிதி பூஜ்யத்துக்குக் கீழே 1,098 கோடி போயிருந்தது அக்டோபரில் வெளியே வந்தது. அந்த வருடமும் 20 சதவீதம் டிவிடெண்ட்! தீபக் பாரிக் தலைமையில் கமிட்டி போட்டார்கள். 1999 பிப்ரவரியில் அறிக்கை. மூன்று வருடத்துக்குள் விலையை என்.ஏ.வி.யோடு இணை, நிர்வாகத்தைப் பிரி, யு.எஸ்.64-ஐயும் செபி விதிக்குள் கொண்டுவா என்று அது சொன்னது. அரசு பொதுத்துறைப் பங்குகளைத் தனியே எடுத்துக்கொண்டு, சுமார் 3,300 கோடிக்கு முட்டுக் கொடுத்தது. விலை? பழைய மாதிரியே மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது.

என் அபிப்பிராயத்தில் 1998-ஐ மன்னிக்கலாம், 1999-க்குப் பிறகு நடந்ததை மன்னிக்க முடியாது. ஓட்டை இருக்கும் இடத்தைக் கமிட்டியே விரல் வைத்துக் காட்டிவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று வருடம் அவகாசம் இருக்கிறதே என்று திறந்தே வைத்திருந்தார்கள்.

2001 தொடக்கத்தில் சந்தை சரிந்தது. ஏப்ரல், மே இரண்டே மாதத்தில் யு.எஸ்.64-லிருந்து 4,000 கோடிக்கு மேல் வெளியே போனது. போனதில் பெரும்பகுதி கம்பெனிகளின் பணம். திரும்ப வாங்கும் விலை 14 ரூபாய்க்கு மேல். உள்மதிப்பு அதற்கு வெகு கீழே. என் உதாரணத்தில் வந்த மூன்று பேர் இவர்கள்தான். ஜூலை 2-ஆம் தேதி, டிவிடெண்ட் 10 சதவீதம் மட்டும், ஆறு மாதத்துக்கு விற்பனையும் இல்லை, திரும்ப வாங்குவதும் இல்லை என்று யூ.டி.ஐ. அறிவித்தது. கதவைச் சாத்தியபோது உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் எத்தனை பென்ஷன்காரர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருக்கே அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் இருக்கும். அடுத்த நாளே சேர்மன் ராஜினாமா. அந்த மாதக் கடைசிக்குள் சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. லக்னோவைச் சேர்ந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் பங்கை, யூ.டி.ஐ.யின் சொந்த ஆராய்ச்சிப் பிரிவே வேண்டாம் என்று சொல்லியும் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. முடிவை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். நான் கவனிக்கச் சொல்வது அந்தக் குற்றச்சாட்டின் வடிவத்தை. 1957-ல் கமிட்டியைக் கேட்கவில்லை என்றார்கள். 2001-ல் கேட்டார்கள், சொன்னதைத் தள்ளிவைத்தார்கள் என்றார்கள். நடுவே 44 வருடம்.

பிறகு எஸ்.எஸ். தாராப்பூர் கமிட்டி யூ.டி.ஐ.யின் முதலீட்டு முடிவுகளை ஆராய்ந்தது. பாராளுமன்றக் கூட்டுக் குழு 2002 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2002 ஜனவரியில் ஒருவழியாக என்.ஏ.வி. வெளியே வந்தபோது அது ஆறு ரூபாய்க்கும் கீழே இருந்தது. சிறு முதலீட்டாளர்களுக்கு 5,000 யூனிட் வரை உத்தரவாத விலை கொடுத்து, வித்தியாசத்தை அரசு ஏற்றது. அதாவது யூனிட்டே வாங்காதவனும் வரியாகக் கொடுத்தான். 2003 பிப்ரவரியில் யூ.டி.ஐ. இரண்டாகப் பிரிந்தது. அந்த ஜூன் முதல் தேதி யு.எஸ்.64 யூனிட்டுகள் 6.75 சதவீத வரியில்லாப் பத்திரங்களாக மாறின. முப்பத்தொன்பது வருடக் கதை முடிந்தது.

இந்த இடத்தில் நண்பர் கேட்பார்: "அத்தனை வருஷமும் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டாரா இல்லையா?"

போட்டார். கணக்குக்குப் போட்டார். ஜூலையில் அறிவித்த விலைக்கு யாரும் ஆடிட்டரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கே வெகு தாமதமாகத்தான் உறைத்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிப்பது நியாயம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், வேறு ஒரு ஃபண்டின் ஆடிட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் அது இல்லை. பங்குகளுக்கு மதிப்புப் போடும் பதிவேடு ஒன்று இருந்தது. பெரிய, நீள வாக்கில் விரியும் பதிவேடு. எல்லா வரியிலும் விலை பேனாவால் எழுதியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வரிகளில் மட்டும் பென்சில். பதிவேட்டை வைத்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தமிழ்ப் பையன்.

"இது ஏம்ப்பா பென்சில்ல இருக்கு?"

"அதெல்லாம் ட்ரேட் ஆகாத ஸ்கிரிப் சார். நாலஞ்சு மாசமா ரேட்டே வரல. மேலேர்ந்து சொல்வாங்க, எழுதிப்பேன்."

"மேலேர்ந்துன்னா?"

"போன்ல சொல்வாங்க சார்."

யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார், எதை வைத்துச் சொன்னார், ஒன்றுக்கும் துண்டுக் காகிதம் இல்லை. பதிவேட்டுக் கூட்டல் பைசா பிசகாமல் பாலன்ஸ் ஷீட்டோடு ஒத்துப்போனது. நான் அந்த வரிகளின் தொகையைத் தனியே கூட்டினேன். மொத்தச் சொத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. என் சீனியரிடம் கொண்டுபோனேன். "தொகை சின்னதுதானே? மேனேஜ்மென்ட் லெட்டர்ல ஒரு பாரா எழுதிடு" என்றார். எழுதினேன். கணக்குக்கு மாசில்லாத அறிக்கை போனது. அந்த லெட்டர் போர்டு மேஜைக்குப் போனதா, ஃபைலுக்குள் போனதா, நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் போட்ட கணக்கு, தொகை எவ்வளவு என்பது. போட்டிருக்க வேண்டிய கணக்கு வேறு. ஒரு போன் காலில் பத்து வரியை மாற்ற முடிகிறவர், அடுத்த மாதம் நூறு வரியை மாற்றுவதற்கு எது தடையாக இருக்கிறது? ஒன்றும் இல்லை. அப்படியானால் பேனாவால் எழுதிய வரிகளும் அவர் மாற்றாமல் விட்டதால் மட்டுமே சரியாக இருந்தவை. 2001 ஜூலையில் பேப்பரைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பென்சில்தான்.

இதைத்தான் இன்றைக்கு உள்கட்டுப்பாட்டு ஆடிட் என்கிறார்கள். அமெரிக்காவில் என்ரான் கவிழ்ந்தபின் 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், 404-ஆம் பிரிவில், கணக்கு சரியா என்பதோடு கணக்கு உருவாகும் வழி சரியா என்றும் சொல்லச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், பதிவு பெற்ற மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அதே சட்டம் 404-லிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் அங்கே ஃபண்டு ஆடிட்டர்கள் உள்கட்டுப்பாடு பற்றி வருடாவருடம் தனியாக ஒரு அறிக்கை கொடுக்கும் வழக்கம் வேறு விதியின்படி இருக்கிறது. நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 143-ஆம் பிரிவு, கம்பெனி ஆடிட்டர் உள் நிதிக் கட்டுப்பாடுகள் போதுமானவையா, நடைமுறையில் வேலை செய்கின்றனவா என்று கருத்துச் சொல்ல வேண்டும் என்றது. 2015 ஏப்ரலில் தொடங்கிய கணக்காண்டு முதல் கட்டாயம். ஃபண்டு என்பது டிரஸ்ட், அதை நடத்தும் நிறுவனம் கம்பெனி. ஆகவே இந்தப் பிரிவு நேராகத் தொடுவது நடத்தும் கம்பெனியை. ஃபண்டுக்கு செபியின் விதிகள். ஃபண்டின் ஆடிட்டரும் கம்பெனியின் ஆடிட்டரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது அதில் எனக்குப் பிடித்த விதி.

நடைமுறையில் என்ன செய்வார்கள்? கேட்டால் அலுப்பாகத் தோன்றும், ஆனால் எனக்குப் பிடித்த வேலை. ஏதோ ஒரு நாளின் என்.ஏ.வி.யை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பார்கள். இந்தப் பங்கு வாங்கும் உத்தரவைக் கொடுத்தது யார்? கொடுத்தவரும் அதைப் புத்தகத்தில் ஏற்றியவரும் வேறு வேறு ஆளா? பங்குகளைக் காவல் காக்கும் கஸ்டோடியனின் பட்டியலும் ஃபண்டின் பட்டியலும் ஒத்துப்போகின்றனவா, அதை ஒப்பிட்டவர் யார், அன்றைக்கே ஒப்பிட்டாரா அல்லது ஆடிட்டர் வருகிறார் என்று மார்ச் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரா? (மை ஒரே நிறத்தில், கையெழுத்து ஒரே வேகத்தில் இருந்தால் சொல்லிவிடலாம்.) விலை எங்கிருந்து வந்தது? வந்த விலையைக் கையால் மாற்ற கம்ப்யூட்டரில் எத்தனை பேருக்கு அனுமதி? மாற்றினால் தடயம் நிற்கிறதா? தினமும் நடக்க வேண்டிய வேலை என்றால் வருடத்தில் இருபத்தைந்து நாட்கள் போலப் பொறுக்கி எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்பாடு காகிதத்தில் நன்றாக இருப்பது ஒன்று, வருடம் முழுக்க ஓடியது என்பது வேறொன்று.

யூனிட்தாரர்களின் கணக்கைப் பெரும்பாலான ஃபண்டுகள் தாங்களே வைத்துக்கொள்வதில்லை. அதற்கென்று பதிவாளர் நிறுவனங்கள் உண்டு. அதில் மிகப் பெரியதான கேம்ஸ் நம் சென்னையில் இருக்கிறது. டெல்லிக்காரர் பம்பாய் ஃபண்டில் போட்ட பணத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வைத்திருக்கும் இடம் நம்ம ஊர். ஆக ஃபண்டின் ஆடிட்டர் அங்கே உள்ள கட்டுப்பாடுகளையும் தெரிந்துகொண்டாக வேண்டும். அதை வேறொரு ஆடிட்டர் சோதித்துத் தரும் அறிக்கையைப் படிப்பார். என் காலத்து ஆட்கள் இப்படி இன்னொருவர் அறிக்கையை நம்புவதற்கு முதலில் முரண்டு பிடித்தோம். வேறு வழி இல்லை. கோடிக்கணக்கான கணக்குகளை யார் போய் எண்ணுவது?

இவ்வளவும் இருந்தால் யு.எஸ்.64 தப்பித்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். இந்தச் சோதனைகள் எல்லாம் குமாஸ்தாவையும் மேனேஜரையும் பிடிப்பதில் கெட்டி. எல்லாருக்கும் மேலே இருப்பவர், "எனக்குத் தெரியும், எழுதுங்கள்" என்று சொன்னால், அங்கேதான் நூல் இழை தொங்குகிறது. யு.எஸ்.64-ல் விலையை யாரோ திருட்டுத்தனமாக எழுதவில்லை. போர்டு கூடி, தீர்மானம் போட்டு, பத்திரிகையில் விளம்பரம் செய்து எழுதினார்கள். அந்த விலைக்கும் பெட்டியில் இருந்த சொத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று சட்டப்படி கேட்கக் கடமைப்பட்ட ஆள் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தச் சம்பந்தத்தை விதியே கட்டிப்போட்டிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குள் ஈக்விட்டி ஃபண்டுகளின் என்.ஏ.வி. ஏறிவிட வேண்டும், உலகமே பார்க்கலாம். ட்ரேட் ஆகாத பத்திரத்துக்கு மதிப்புப் போடும் இடத்தில் மட்டும் இன்னும் மனிதத் தீர்ப்புக்கு இடம் உண்டு. ஆடிட்டர்கள் அதிக நேரம் உட்கார வேண்டியது அங்கேதான்.

இதை எழுதி நண்பருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை போன். படித்துவிட்டாராம். டி.டி.கே. கதை தெரியும், மற்றதும் ஓரளவு தெரியும் என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பென்சில் பையன் என்ன ஆனான் ஓய்?"

தெரியவில்லை. பதிவேட்டில் மற்ற எல்லா வரிக்கும் பேனா எடுத்தவன், அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மட்டும் பென்சில் எடுத்திருக்கிறான். அதை இத்தனை வருடம் அவன் சோம்பேறித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியட்டும் என்றுதான் பென்சிலில் எழுதியிருப்பானோ என்று நண்பர் கேட்ட பிறகுதான் தோன்றுகிறது.